பக்கத்து வீட்டு அண்ணனிடம் எப்படிக் கேட்பது?

கூடலூர் வட்டாரத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றிலிருந்து 39 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் வேலை. கணவர் அதே எஸ்டேட்டின் ஃபேக்டரியில் இருக்கிறார். இவர்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, அதே லயனில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) 57 வயதுக்காரர் ஒருவர். உறவு இல்லை. ஆனால் இரண்டு பேருடைய பெற்றோரும் இலங்கையிலிருந்து ஒரே காலத்தில் தாயகம் திரும்பியவர்கள் என்பதால் சிறுவயதிலிருந்தே அவர் இவருக்கு ‘அண்ணன்’.

அண்ணனின் மனைவி போன மாசியில் நோய்ப்பட்டு இறந்துவிட்டார். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். வரும் ஏப்ரலில் அண்ணனுக்கு ஓய்வு. அதோடு லயன் வீட்டையும் காலி செய்ய வேண்டும், போக வேறு இடம் இல்லை. மனைவி போனதிலிருந்து தினமும் குடி. மூன்று வாரத்துக்கு முன்னால் தன் இரண்டு ஆடுகளையும் கொண்டுவந்து இவர் வீட்டில் கட்டிவிட்டு, “நீயே வெச்சுக்கோ” என்றிருக்கிறார். பேங்க் புத்தகத்தையும் எல்.ஐ.சி. காகிதங்களையும் கொடுத்து, “பாப்பா வந்தா குடு” என்றிருக்கிறார். ஒரு நாள் இரவு போதையில், “ஏப்ரல் வரைக்கும் நான் இருக்கப் போறதில்ல” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் “உளறிட்டேன், யாருக்கும் சொல்லாத” என்று இவருடைய பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு முகச்சவரம் செய்து, மாரியம்மன் கோயிலுக்கு வந்து சிரித்துப் பேசினாராம். “சரியாயிட்டாரு, விடு. நாம போய்க் கிளறி, ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் நம்மளத்தான் கேட்கும்” என்கிறார் கணவர்.

“நேரடியாகக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா? சத்தியத்தை மீறினால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம். பெண்பிள்ளை நான், மனைவி இல்லாத வீட்டுக்கு அடிக்கடி போனால் லயனில் என்ன பேசுவார்கள் என்றும் இருக்கிறது. எத்தனை நாள் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே நீங்கள் கொடுத்த எண்ணில் பேசிவிட்டேன். செய்ய வேண்டிய முதல் காரியங்களை அப்போதே சொன்னேன். இப்போது விரிவாக எழுதுவது, நீங்கள் அவசரத்தில் கேட்டதை நிதானமாக மறுபடி படிப்பதற்கும், இதே கவலையோடு பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும்.

முதலில் ஒன்று. நீங்கள் பயந்தது சரியான பயம். ஆசையாக வளர்த்த ஆட்டைக் கொடுப்பது, காகிதங்களை ஒப்படைப்பது, ‘அந்த மாசம் வரைக்கும் இருக்க மாட்டேன்’ என்று காலம் குறித்துச் சொல்வது, இவை மூன்றும் ஒரே மனிதரிடம் ஒரே சமயத்தில் தெரிந்தால் எந்த மனநல மருத்துவரும் அதைச் சாதாரணமாக விடமாட்டார். போதையில் சொன்னதுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. பகலில் அடக்கி வைத்திருப்பதைக் குடி வெளியே கொண்டுவருகிறது. அது மட்டுமல்ல, நிதானத்தில் இருக்கும்போது மனிதரைத் தடுத்து நிறுத்துகிற தயக்கத்தையும் குடி குறைத்துவிடுகிறது. அதனால் போதையில் வருகிற இந்தப் பேச்சுக்கு மருத்துவர்களான நாங்கள் கூடுதல் கவனம் கொடுப்போம்.

ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். துக்கம் கொஞ்சம் விலகிய நாளாகவும் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் இடிந்துபோய் இருந்தவர், ஒரு காரணமும் இல்லாமல் திடீரென்று தெளிவாகத் தெரிந்தால், உள்ளே ஏதோ முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் அது இருப்பதுண்டு. இரண்டில் எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது, அவரைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்டால் தூண்டிவிட்டதாகுமா?

ஆகாது. நிறையப் பேருக்கு இருக்கிற சந்தேகம் இது, படித்தவர்களுக்கும் உண்டு. இதை ஆராய்ந்தவர்கள் கண்டது நேர்மாறானது: சாவைப் பற்றி நினைக்கிறாயா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, கூடுவதும் இல்லை. பலருக்கு அந்தக் கேள்வி பெரிய ஆறுதல். ஏனென்றால் அவர்கள் அந்த நினைப்போடு தனியாக இரவைக் கழித்துக்கொண்டிருப்பவர்கள். அதை வாய்விட்டுச் சொல்ல இன்னொருவர் இடம் கொடுக்கிறார்.

ஆனால் கேட்கிற விதம் முக்கியம். “அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலல்ல?” என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே அவர் வாயில் திணிக்கிறோம். சுற்றி வளைக்காமல், உங்கள் பேச்சிலேயே, இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, அண்ணி போனதுலேர்ந்து நீங்க நீங்களா இல்ல. ஆட்டைக் குடுத்தீங்க, புத்தகத்தைக் குடுத்தீங்க. எனக்குப் பயமா இருக்கு. செத்துடலாம்னு தோணுதாண்ணே?”

கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் சும்மா இருந்தால் நீங்களும் சும்மா இருங்கள். அந்த அமைதி உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். அவர் ‘ஆமாம்’ என்றோ, தலையைக் குனிந்துகொண்டோ, அழுதோ பதில் சொன்னால், அடுத்ததாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கானது கையில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா. இதையும் கேட்கலாம், தவறில்லை. வழியும் நாளும் யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவரைத் தனியாக விடக்கூடாது. யாராவது ஒருவர் கூடவே இருக்க, 108-ஐ அழைத்தோ, எஸ்டேட் வண்டியிலோ, ஜீப் பிடித்தோ கூடலூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். “காலையில் பார்த்துக்கலாம்” வேண்டாம்.

அந்த இடத்தில் நம் வாயில் தானாக வந்துவிடுகிற சில வாக்கியங்கள் உண்டு. “பாப்பாவை நினைச்சுப் பார்த்தீங்களா?”, “ஆம்பிளை இப்படிக் கோழையா இருக்கலாமா?”, “உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லையா?” எல்லாமே அக்கறையில் வருபவைதான். ஆனால் ஏற்கெனவே ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர் காதில் இவை இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் விழும். அவர் சொல்வதை மாற்றப் பார்க்காமல் கேளுங்கள். “இவ்வளவு நாளும் இதைத் தனியா சுமந்துட்டு இருந்தீங்களாண்ணே” என்று சொன்னாலே போதும்.

யார் கேட்பது, எங்கே கேட்பது

லயன் பேச்சைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரே சுவர், ஒரே வாசல், ஒரே குழாயடி. யார் எந்த வீட்டுக்கு எப்போது போனார் என்பது பத்து வீட்டுக்கும் தெரியும். அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் உங்களுக்கும் கஷ்டம், அண்ணனும் கூனிக் குறுகி, இருக்கிற ஒரே துணையையும் விட்டு விலகிவிடுவார்.

அதனால் நீங்கள் மட்டும் தனியாக இதைச் செய்ய வேண்டாம். கணவரை முதலில் இழுத்துக்கொள்ளுங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, பயப்படுகிறார். அவரிடம் பெரிதாக எதுவும் கேட்காதீர்கள்: “சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது அண்ணன் வீட்டு வாசல்ல பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு வாங்க” என்று மட்டும் சொல்லுங்கள். இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். உதவி கேட்பதற்கு வாய் வராதவர்களும் பெரும்பாலும் ஆண்களே. இன்னொரு ஆண் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு டீ குடித்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு அங்கே பலம் அதிகம்.

உங்கள் பகுதியில் பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டத்துக்குப் பயந்து யாரும் வெளியே வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனசு ரொம்பத் தாழ்ந்துபோகிற நேரமும் அதுதான், குடித்துவிட்டுத் தனியாக இருக்கிற நேரமும் அதுதான். இரண்டு வீடு தள்ளி என்பதால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். ராத்திரிச் சாப்பாட்டை உங்கள் மாமியார் கையில் ஒரு தட்டில் கொடுத்தனுப்பலாம், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமியார் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அதை எந்த வாயும் தப்பாகப் பேசாது. மழையிலும் மூடுபனியிலும் கரண்ட் போய் டவர் படுத்துவிடுகிற ஊர் என்பதால் ஃபோனை மட்டும் நம்பி இருக்காதீர்கள். காலை மஸ்டருக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) அவர் வந்தாரா என்று பார்த்துச் சொல்ல மேஸ்திரியோ, உடன் வேலை செய்பவர் ஒருவரோ வேண்டும். வராவிட்டால் யார் போய்க் கதவைத் தட்டுவது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டால் யாருக்கும் இது பாரமாகாது.

சத்தியம்

பிள்ளை தலையில் கைவைத்து வாங்கிய சத்தியம் உங்களை எப்படி அரித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ‘அதெல்லாம் மூடநம்பிக்கை’ என்று சொல்லி உங்களைத் தனியாக விட்டுவிட மாட்டேன்.

அதை ரகசியமாக மீற வேண்டாம், வாங்கியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “அண்ணே, அன்னைக்கு எங்கிட்ட வாங்கின சத்தியத்தை என்னால வெச்சிருக்க முடியல. ராத்திரி தூக்கம் வரல. நீங்களே அதை எடுத்துக்குங்க. நான் பாப்பாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லத்தான் போறேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதாக அவருக்குத் தோன்றாது. கோபப்படலாம், இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ள முடியும். உங்கள் பிள்ளையைத் தூக்கி வளர்த்த மனிதர் அவர். அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் வரட்டும் என்று நினைத்து அந்தச் சத்தியத்தை வாங்கியிருக்க மாட்டார்.

அவர் எடுத்துக்கொள்ள மறுத்தாலும் சொல்லத்தான் வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ரகசியம் காப்பேன் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மருத்துவர்களான எங்களுக்கே நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதே சட்டம், உயிருக்கு ஆபத்து என்றால் தேவைப்பட்டதைத் தேவைப்பட்டவரிடம் சொல்ல இடம் கொடுக்கிறது.

மகளிடம் ஃபோனில் சொல்லும்போது, “அப்பா சாகப்போறேங்குறாரு” என்று ஆரம்பித்தால் அந்தப் பெண் திருப்பூரில் நின்றுகொண்டு என்ன செய்வாள்? நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், அவள் செய்ய வேண்டியது என்ன என்று தெளிவாக ஒன்று சொல்லுங்கள்: தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் அப்பாவுக்கு ஒரு ஃபோன், இந்த மாதத்துக்குள் லீவு போட்டு ஒருமுறை நேரில். “நீ விட்டுட்டுப் போனதாலதான்” என்ற பேச்சு மட்டும் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம்.

போலீஸ் பயம்

உங்கள் கணவரின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாகவே வைத்திருந்தது. அந்த நினைப்பு ஊரில் இன்னும் போகவில்லை. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரை ஒரு வேலையைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ கட்டாயப்படுத்துவதற்காக முயல்வதை மட்டும் தனியாகக் குற்றமாக வைத்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது, அண்ணன் எந்த முயற்சியும் செய்யவில்லை. மனசு சரியில்லை, தூக்கம் இல்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் மருத்துவரிடம் போவது சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போவது மாதிரித்தான். அதில் போலீஸுக்கு வேலையே இல்லை. அழைத்துப் போகிற உங்கள் மேலும் யாரும் கை வைக்க முடியாது. சிகிச்சை விவரத்தை மருத்துவமனை எஸ்டேட் நிர்வாகத்துக்கு எழுதிப் போடவும் மாட்டார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் நீலகிரியிலும் இருக்கிறது, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல மருத்துவர் உங்கள் பக்கம் எந்த நாளில் வருகிறார் என்று கூடலூர் மருத்துவமனையிலோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் கேளுங்கள். நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஏறி இறங்க ஒரு நாள் கூலி போய்விடும். ராத்திரி அவசரத்துக்கு 14416 இருக்கிறது. ‘நட்புடன் உங்களோடு’ என்று தமிழ்நாட்டில் சொல்கிற அரசு மனநல சேவை அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்தான் பேச வேண்டும் என்றில்லை, ‘எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று நீங்களும் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

குடியும், வீட்டில் இருக்கிற மருந்துகளும்

கணவரும் நண்பர்களும் சேர்ந்து அண்ணனுக்கு மாலை போட்டுக் குடியை ஒரேயடியாக நிறுத்த வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் மருத்துவரைப் பார்க்காமல் செய்ய வேண்டாம். மாதக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். மருந்தோடு படிப்படியாக நிறுத்தினால் பாதுகாப்பு. மாலையை அப்புறம் போட்டுக்கொள்ளட்டும்.

அவர் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற வேலையும் பார்த்தவர் என்பதால், மீந்த தோட்ட மருந்து வீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இன்றைக்கே எஸ்டேட் ஸ்டோருக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். அண்ணி சாப்பிட்டு மீந்த மாத்திரைகளையும் எடுத்துவிடுங்கள். ‘நினைத்தவரைத் தடுக்கவா முடியும்?’ என்று கேட்பார்கள். முடியும். இந்த வேகம் பலருக்குச் சில மணி நேரமே, சில சமயம் சில நிமிஷமே உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றுகிறது. அதிக நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு இலங்கையில் தற்கொலை இறப்புகள் பெருமளவு குறைந்தன. இங்கே காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், மருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவாக ஓரிடத்தில் பூட்டி வைக்கும் முயற்சி நடந்திருக்கிறது. உங்கள் லயன் முழுவதற்குமே இதைச் செய்யலாம். அண்ணன் ஒருவரைக் குறிவைத்ததாகவும் தெரியாது.

எத்தனை நாள்?

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் வெளியிட்டது, சென்னையும் அதில் ஒரு மையம். தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதும், பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை ஃபோனிலோ நேரிலோ விசாரித்ததும் கூடுதல். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் அந்தக் காலத்துக்குள் தற்கொலையால் இறந்திருந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். அங்கே விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அண்ணன் நிலையும் வேறு. என்றாலும் அந்த ஒன்பது முறையை வைத்திருந்த விதம் உங்களுக்கு உதவும்: முதல், இரண்டாம், நான்காம், ஏழாம், பதினொன்றாம் வாரம், பிறகு நான்காம், ஆறாம், பன்னிரண்டாம், பதினெட்டாம் மாதம். ஆரம்பத்தில் அடுத்தடுத்து, போகப் போக இடைவெளி விட்டு, ஆனால் நிறுத்தாமல்.

நம் ஊரில் துக்க வீட்டுக்குப் பதினாறு நாள் வரை கூட்டம் வரும், அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அண்ணனுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இப்போதைக்குச் சில வாரம் தினமும் யாராவது ஒருவர். அவர் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்து, தூக்கமும் சாப்பாடும் சீரானதும் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் “புதன்கிழமை வரேன்” என்று நாள் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்னபடி போங்கள். ஒரு மாதம் கழித்து, மறுபடியும் அந்த நேரடிக் கேள்வியைக் கேளுங்கள். ஒருமுறை ‘இல்லை’ என்று சொன்னவர் எப்போதும் ‘இல்லை’ என்றே இருப்பார் என்பதில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து பேச விஷயம் இல்லை என்றால், ஓய்வுக் காகிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். கணக்கு, பத்து வருஷத்துக்கு மேல் பிடித்திருந்தால் 58 வயதில் வர வேண்டிய பென்ஷன், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலிக் கணக்கில் கிராஜுவிட்டி. கிராஜுவிட்டி பாக்கியான 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டைப் பற்றியும் யூனியன்காரரிடம் இப்போதே பேசட்டும். ‘ஏப்ரலுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று இருப்பவருக்கு இந்த அலைச்சல் ஏப்ரலுக்கு அப்பாலும் நாள் இருக்கிறது என்று காட்டும். ஒவ்வொரு ஆபீசுக்கும் உங்கள் கணவர் கூடப் போகட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அவருடைய உயிருக்கு நீங்கள் மட்டுமே பொறுப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டால், கொழுந்து பறிக்கும்போதும் இதே நினைப்பாக இருந்தால், அதே 14416-இல் உங்களுக்காகப் பேசுங்கள்.

வரும் மாசியில் அண்ணிக்கு வருஷத் திதி. அடுத்த இரண்டு மாதத்தில் ஓய்வு. இந்த இரண்டு சமயத்திலும் துக்கம் முதல் நாள் மாதிரியே திரும்பி வரலாம், அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். திதி வாரம் முழுக்க மகள் ஊரில் இருக்கும்படி லீவு சொல்லி வைக்கட்டும். ஆடு இரண்டையும் திருப்பி அவர் வீட்டில் கட்டுங்கள், காலையில் தழை ஒடித்துப் போட அவரே எழுந்து வரட்டும்.